சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்குக் கணக்கு: எங்கே தொடங்குவது, எப்படி நகர்வது

ஏழு பொத்தான்களை வரிசையாக வைத்து, "எத்தனை இருக்கு?" என்று கேட்கிறீர்கள். குழந்தை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஏழு வரை அழகாக எண்ணிவிடுகிறது. "சரி, அப்போ மொத்தம் எத்தனை?" என்றால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. மூன்றாம் முறை கேட்டாலும் அதேதான். எண்களின் பெயர்கள் அதற்குப் பாட்டுப் போல மனப்பாடம். கடைசியாகச் சொன்ன "ஏழு"தான் மொத்த அளவு என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இந்தக் குழந்தையின் முன்னால் 7 + 5 என்று எழுதிய தாளை வைத்தால், அது தாளைப் பார்க்காது, உங்கள் முகத்தைப் பார்க்கும். பதில் அங்கே இருக்குமோ என்று தேடும்.

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர முதன்முறையாக உட்காரும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: குழந்தையின் வயதோ வகுப்போ உங்கள் தொடக்கப் புள்ளி ஆகாது. அது உண்மையில் நிற்கும் படியைக் கண்டுபிடியுங்கள். அதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

முதல் வாரம்: சொல்லித்தராமல் கவனியுங்கள்

எண்ணுவது ஒரே திறமை போலத் தெரியும். 1978-இல் ராச்சல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் அதற்குள் ஐந்து விதிகள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான் சொல்ல வேண்டும். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசி எண்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம், கைதட்டலைக்கூட. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் விடை ஒன்றுதான். நாம் இவற்றை எப்போது கற்றோம் என்பதே நமக்கு நினைவிருக்காது. அதனால்தான் இவற்றில் ஒன்று விடுபட்ட குழந்தையைப் பார்த்து "எண்ணக்கூடத் தெரியவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

ஒரு பெட்டி நிறையப் பொத்தான்களை வைத்துக்கொண்டு விளையாட்டாகச் சோதியுங்கள். "எனக்கு மூணு கொடு" என்று கேளுங்கள். கொடுத்தால் நான்கு, அப்புறம் ஐந்து. எண்ணச் சொல்வதைவிட இப்படிக் கேட்டு வாங்குவது கடினமான சோதனை, ஏனென்றால் குழந்தை சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ஆறு பொத்தான்களை நெருக்கமாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். அதே ஆறை அகலமாகப் பரப்பிவைத்து, "இப்போ எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி எண்ணுகிறதா, கூடிவிட்டது என்கிறதா, ஆறுதான் என்று உடனே சொல்கிறதா? கடைசியாக, இரண்டு மூன்று புள்ளிகள் உள்ள அட்டையை ஒரு நொடி மட்டும் காட்டி மறையுங்கள். மூன்று நான்கு வரையிலான எண்ணிக்கையை எண்ணாமலே கண்ணால் பிடிக்கும் திறன் பெரும்பாலோருக்கு உண்டு. சில குழந்தைகளுக்கு அதுவும் தடுமாறும். அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கவனித்ததை எழுதிவையுங்கள். "கணக்கில் பின்தங்கியிருக்கிறாள்" என்று எழுதினால் நாளைக்கு என்ன செய்வது என்று தெரியாது. "20 வரை சொல்கிறாள். 8 வரை தொட்டு எண்ணுகிறாள். 4 கேட்டால் சரியாகத் தருகிறாள். 5 கேட்டால் கைக்கு வந்ததை அள்ளித் தருகிறாள்" என்று எழுதினால் நாளைய பாடம் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது.

தடை கணக்கில்தான் இருக்கிறதா?

இதைப் பார்க்காமல் விட்டால் மாதக்கணக்கில் உழைப்பு வீணாகும். பெருமூளை வாதம் உள்ள சிறுவனுக்கு விடை தெரிந்திருக்கும். பென்சில் பிடிக்கத்தான் முடியாது. விடைகளை நான்கு அட்டைகளில் எழுதி முன்னால் வையுங்கள். விரலால் தொடட்டும், முடியாவிட்டால் கண்ணால் காட்டட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பலருக்குக் காதால் கேட்டதை நினைவில் வைப்பது கடினம், கண்ணால் பார்த்தது நன்றாகத் தங்கும். வாயால் ஐந்து கட்டளைகளை அடுக்குவதை விட்டுவிட்டு ஒவ்வொன்றையும் படமாகக் காட்டுங்கள். கவனம் சீக்கிரம் சிதறும் குழந்தைக்கு ஒரு பக்கத்தில் இருபது கணக்கு இருந்தால் கண் எங்கும் நிற்காது. தாளை மடித்து ஒரு நேரத்தில் இரண்டு கணக்கு மட்டும் தெரியும்படி செய்யுங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தை சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளக்கூடும். தமிழில் "எடு" என்ற சொல்லைப் பாருங்கள். "ஐந்து பொத்தான் எடு" என்றால் கையில் எடுப்பது. "ஐந்திலிருந்து இரண்டை எடு" என்றால் நீக்குவது. ஒரே சொல், இரண்டு வேலை. "கூட்டு" என்ற சொல்லும் குப்பையைக் கூட்டுவதற்கும் எண்ணைக் கூட்டுவதற்கும் பொதுவானது. அதனால் தொடக்கத்திலேயே ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று முடிவு செய்து, வீட்டிலும் வகுப்பிலும் அதையே சொல்லுங்கள். அம்மா "கழி" என்றும், ஆசிரியர் "எடு" என்றும், அண்ணன் "மைனஸ்" என்றும் சொன்னால் குழந்தை மூன்று வெவ்வேறு வேலைகளைக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அறிவுத்திறன் வழக்கமான அளவில் இருந்தும், வாசிப்பும் பேச்சும் நன்றாக இருந்தும், எண்கள் மட்டும் பிடிபடாத குழந்தைகளும் உண்டு. டிஸ்கால்குலியா எனப்படும் இந்தக் கணிதக் கற்றல் குறைபாட்டுக்கு 1974-இல் செக்கோஸ்லோவாக்கிய உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ் தெளிவான வரையறை தந்தார். நூற்றுக்கு மூன்று முதல் ஏழு குழந்தைகளுக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. இவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது பெரிய அநியாயம்.

ஒரே ஒரு இலக்கு

"கூட்டல் கற்பது" என்பது இலக்கே அல்ல. "பெட்டியிலிருந்து 5 வரை எந்த எண்ணிக்கையைக் கேட்டாலும், ஐந்து முறையில் நான்கு முறை உதவியில்லாமல் எடுத்துத் தருவாள்" என்பது இலக்கு. கண்ணால் பார்க்க முடிய வேண்டும், எண்ணிச் சரிபார்க்க முடிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

கை, கண், குறி

1960-களில் ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர், மனிதர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளும் மூன்று வழிகளைச் சொன்னார்: செய்து பார்ப்பது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது. பின்னாளில் சிங்கப்பூர் தன் பள்ளிக் கணிதத்தையே இந்த வரிசையின் மேல் கட்டியது. அதற்கு வெகு முன்பே, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளோடு ரோமில் வேலை செய்த மரியா மாண்டிசோரி, கையில் பிடித்துக் கற்கும் பொருள்களின் வலிமையைக் கண்டிருந்தார். அந்த வழியில் வந்ததுதான் அவருடைய மணிகள்: ஒற்றை மணி ஒன்று, கம்பியில் கோத்த பத்து, சதுரமாக நூறு, கனசதுரமாக ஆயிரம். ஆயிரம் எவ்வளவு கனம் என்று குழந்தையின் கை சொல்லிவிடும்.

பொருள்களைக் கொடுப்பதில் பெரும்பாலோர் தவறுவதில்லை. பொருளிலிருந்து தாளுக்குத் தாவும் இடத்தில்தான் தவறுகிறோம். திங்கட்கிழமை வரை பொத்தான், செவ்வாய்க்கிழமை வெறும் 3 + 2. குழந்தைக்கு இரண்டும் வெவ்வேறு உலகம். அதனால் மூன்றையும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் வையுங்கள். மூன்று பொத்தான், இரண்டு பொத்தான். கீழே ஒரு தாளில் மூன்று வட்டம், இரண்டு வட்டம். அதற்கும் கீழே 3 + 2 = 5. குழந்தை பொத்தானைத் தொட்டு வட்டத்தைத் தொட்டு எண்ணைத் தொடட்டும். சில நாள் கழித்துப் பொத்தான்களை ஒரு துணியால் மூடுங்கள். தேவைப்பட்டால் திறந்து பார்க்கலாம் என்று சொல்லியே மூடுங்கள். திறந்து பார்ப்பது தானாகக் குறையும்போது படத்துக்கு நகர்ந்துவிட்டோம் என்று அர்த்தம்.

பத்துக் கட்டம் என்ற எளிய கருவியை நான் எல்லாருக்கும் பரிந்துரைப்பேன். ஒரு அட்டையில் மேலே ஐந்து, கீழே ஐந்து எனக் கட்டங்கள் வரையுங்கள். ஏழு வைத்தால் மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு இருக்கும். இன்னும் மூன்று காலி என்பதும் கூடவே தெரியும். ஏழு என்பது ஐந்தும் இரண்டும், பத்துக்கு மூன்று குறைவு என்ற இரண்டு உண்மைகளைக் குழந்தை எண்ணாமலே பார்க்கிறது. சிதறிக்கிடக்கும் ஏழு பொத்தான்கள் இதைக் காட்டாது.

அடுத்த பெரிய தாவல், முழுவதையும் எண்ணுவதிலிருந்து தொடர்ந்து எண்ணுவதற்கு. 5 + 2-க்கு ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணும் குழந்தையிடம் ஐந்து பொத்தான்களைக் காட்டி, எண்ணவிட்டு, ஒரு மூடியுள்ள பெட்டிக்குள் போடுங்கள். பெட்டியின் மேல் 5 என்று எழுதி ஒட்டுங்கள். வெளியே இரண்டு வையுங்கள். "உள்ளே எத்தனை?" "ஐந்து." வெளியே உள்ளதைத் தொட்டு, "ஆறு, ஏழு." பெட்டி மூடியிருப்பதால் முதலிலிருந்து எண்ண வழியில்லை. சில குழந்தைகள் மூடியின் மேல் ஐந்து முறை தட்டி எண்ணும். தடுக்காதீர்கள். அவை உள்ளே இருப்பதைக் கற்பனை செய்கின்றன, அதுவே முன்னேற்றம்தான்.

பத்து, நூறு: தமிழ் எண்பெயர்கள் போடும் முடிச்சு

இடமதிப்பில் நிறையக் குழந்தைகள் மாட்டிக்கொள்ளும். நம் எண்பெயர்களில் ஒரு நன்மை உண்டு. "பதினாறு" என்று சொல்லும்போதே பத்தும் ஆறும் காதில் விழுகின்றன. ஆனால் ஒன்பது வரும் இடமெல்லாம் ஒரு முடிச்சு. ஒன்பது என்ற சொல் ஐம்பது, எண்பது போல முடிகிறது, மதிப்போ பத்துக்கும் கீழே. தொண்ணூறு நூறு என்று முடிகிறது, ஆனால் அது நூறைத் தொடவில்லை. தொள்ளாயிரம் ஆயிரம் என்று முடிகிறது, ஆனால் அது ஆயிரத்துக்குள் அடங்கும். எண்பதுக்குப் பிறகு 900 என்று எழுதும் குழந்தை கவனமில்லாமல் எழுதவில்லை. காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறது. இந்த மூன்று சொற்களையும் தனியாக, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளை வைத்துக்கொண்டே சொல்லித்தாருங்கள். செவித்திறன் குறைந்த குழந்தைக்கு அறுபது, எழுபது, இருபது மூன்றும் நெருக்கமாக ஒலிக்கலாம். எண்ணையும் சேர்த்துக் காட்டாமல் வாயால் மட்டும் சொல்லாதீர்கள்.

கட்டுகளுக்குக் குச்சியும் ரப்பர் பேண்டும் போதும். பத்து சேர்ந்ததும் குழந்தையே கட்டட்டும், கடன் வாங்கும் கழித்தலில் குழந்தையே அவிழ்க்கட்டும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பத்துப் பட்டையை உடைக்க முடியாது, இன்னொன்றுக்கு மாற்றத்தான் முடியும். கட்டி அவிழ்க்கும் கைக்குத்தான் ஒரு பத்து என்பது பத்து ஒன்றுகள் என்று புரியும்.

"நூற்று நாற்பத்தேழு" என்று சொன்னால் 100407 என்று எழுதும் குழந்தைக்கு அட்டைகள் உதவும். 100 ஒரு நீள அட்டை, 40 அதைவிடச் சிறியது, 7 இன்னும் சிறியது. மூன்றையும் வலது ஓரம் பொருந்தும்படி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் 147. மேலே உள்ளதைத் தூக்கினால் பூஜ்ஜியங்கள் கீழே ஒளிந்திருப்பது தெரியும்.

காட்டு, கூடச் செய், விட்டுவிடு

முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், அதிகம் பேசாமல். பிறகு இருவரும் சேர்ந்து செய்யுங்கள். பிறகு குழந்தை தனியாகச் செய்யட்டும். நடுவில் தடுமாறினால் உடனே கையைப் பிடிக்க வேண்டாம். முதலில் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். சில குழந்தைகளுக்குக் கேள்வி உள்ளே போய்ச் சேரவே அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் நாம் கேள்வியை மாற்றிக் கேட்டால் மறுபடியும் தொடக்கத்துக்குத் தள்ளிவிடுகிறோம். காத்திருந்தும் வராவிட்டால் விரலால் சுட்டுங்கள். அதற்கும் மேல் என்றால் செய்து காட்டுங்கள். கையோடு கை பிடிப்பது கடைசி வழி, அதுவும் குழந்தை சம்மதித்தால்தான். கொடுத்த உதவியை நாளுக்கு நாள் குறைக்காவிட்டால், குழந்தை கணக்கை விட்டுவிட்டு உங்கள் விரலைப் படிக்கக் கற்றுக்கொள்ளும்.

பத்து நிமிடம் போதும், நாளுக்கு இரண்டு முறை. பத்துக் கேள்வியில் எட்டு ஒன்பது ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கட்டும், புதியது ஒன்றிரண்டு. தெரிந்தது நடுநடுவே வந்தால் குழந்தை சோர்ந்துபோகாது, பழையதும் மறக்காது.

தவறான விடையை வாசியுங்கள்

52 − 27 = 35. இதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி போட்டால் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. அது 2-இலிருந்து 7 போகாது என்று, 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ யாரோ சொன்னதை நம்பியிருக்கிறது. 34 + 28 = 512 என்பதில் இரண்டு கூட்டலும் சரி, பத்தைக் கட்டாமல் விட்டதுதான் குறை. "எப்படிப் பண்ணின, காட்டு" என்று சரியான விடைக்கும் கேளுங்கள், தவறானதற்கும் கேளுங்கள். தவறுக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தப்பு என்று குழந்தை அழிப்பானை எடுத்துவிடும்.

எண்கள் வரிசை மாறி விழுவதுதான் பிரச்சினை என்றால் கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு கட்டத்தில் ஒரு எண்.

வேகமும் வாய்ப்பாடும்

நிறுத்துக் கடிகாரம் வைத்து நடத்தும் கணக்குப் போட்டியை இந்தக் குழந்தைகளுக்கு வைக்காதீர்கள். பதற்றம், நடுவில் கணக்கை நினைவில் தாங்கிப் பிடிக்கும் இடத்தையே ஆக்கிரமித்துக்கொள்ளும். வாய்ப்பாட்டில் 2, 10, 5 ஆகியவற்றை முதலில் எடுங்கள். 3 × 8-ம் 8 × 3-ம் ஒன்றுதான் என்பதைப் பொத்தான் வரிசைகளைத் திருப்பிக் காட்டிப் புரியவைத்தால் மனப்பாடச் சுமை ஏறக்குறையப் பாதியாகும். அப்படியும் தங்கவில்லையா, வாய்ப்பாட்டு அட்டையை மேசையில் ஒட்டுங்கள். கால்குலேட்டர் கொடுங்கள். கண்ணாடி போட்டுப் படிக்கும் குழந்தையை யாரும் குறை சொல்வதில்லை.

வாக்கியக் கணக்கு

"அதிகம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி" என்ற குறுக்குவழியைச் சொல்லித்தராதீர்கள். "என்னிடம் 8 பொத்தான் இருக்கு. அது உன்னிடம் இருப்பதைவிட 3 அதிகம். உன்னிடம் எத்தனை?" அதிகம் என்று இருக்கிறது, விடையோ 5. குறுக்குவழியை நம்பிய குழந்தை 11 என்று சொல்லும்.

முதலில் எண்களே இல்லாமல் கதையைச் சொல்லுங்கள். "என்னிடம் கொஞ்சம் இருக்கு. உன்னிடம் அதைவிடக் குறைவு. யாரிடம் நிறைய?" கதை புரிந்த பிறகு எண்ணைக் கொண்டுவாருங்கள். இரண்டு பேரின் பொத்தான்களையும் இரண்டு வரிசையாக, ஒன்றுக்கு நேராக ஒன்று வைத்தால் "விட" என்ற சொல்லின் பொருள் கண்ணுக்குத் தெரியும். சைகை மொழியில் வளர்ந்த குழந்தைக்குக் கணக்கை முழுவதும் சைகையிலேயே சொல்லிவிட்டு, அதன் பிறகு எழுத்து வடிவத்தைக் காட்டுங்கள்.

பார்வையில்லாத குழந்தைக்கு

எண்ணும் பொருள்கள் உருளாமல் இருக்க விளிம்புள்ள தட்டு வேண்டும். எண்ணியதை இடமிருந்து வலப் பக்கத் தட்டுக்கு நகர்த்தும் பழக்கம் வேண்டும். பார்வையற்றோர் கணக்குப் போடுவதற்கான கிரான்மர் மணிச்சட்டத்தில் மணிகளுக்குக் கீழே மெத்தென்ற துணி இருக்கும், விரல் பட்டாலும் மணி தானாக நகராது. தொட்டுக் கணக்குப் போடும் டெய்லர் பலகையில் எண்கோண நட்சத்திரத் துளைகளில் கட்டையைச் செருகும் திசைதான் எண்ணைச் சொல்லும். உயர்கணிதம் வரை போக, பார்வையற்ற கணிதவியலாளர் ஆபிரகாம் நெமத் 1952-இல் வெளியிட்ட பிரெயில் கணிதக் குறியீடு இருக்கிறது. பார்வையில்லை என்பதற்காக வடிவியலை விட்டுவிடாதீர்கள். அட்டையில் நூலை ஒட்டினால் முக்கோணம் விரலுக்குத் தெரியும்.

வளர்ந்த பிள்ளைக்கு

பதினாறு வயதுப் பையனுக்குக் கரடி பொம்மையை எண்ணக் கொடுக்காதீர்கள். எண்ணும் நிலை ஐந்து வயதினுடையதாக இருக்கலாம், மானம் பதினாறு வயதினுடையது. திருகாணி, நாணயம், சீட்டுக்கட்டு, பேருந்து நேரம் இவற்றை எடுங்கள்.

பணத்தில் சில்லறை எண்ணுவது வராவிட்டாலும் தனியாகக் கடைக்குப் போக வழி உண்டு. விலை 14.30 என்று இருந்தால், புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணை மட்டும் படித்து, அதற்கு அடுத்த எண்ணான 15-ஐக் கொடுப்பது. மீதியை வாங்கிக்கொள்வது. இதற்குத் தேவை இரண்டே திறமை: எண்ணைப் படிப்பதும் அடுத்த எண் தெரிவதும். கடிகாரத்தில் பெரிய முள்ளைக் கழற்றிவிட்டுச் சிறிய முள்ளை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். "நாலு மணி", "நாலு தாண்டியாச்சு", "அஞ்சு ஆகப்போகுது" என்று சொல்லத் தெரிந்தாலே ஒரு நாளை நடத்திக்கொள்ள முடியும்.

நகராதபோது

இரண்டு மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றால் அதையே இன்னும் உரக்கச் சொல்லாதீர்கள். படியை வெட்டுங்கள். ஐந்து கேட்டால் வரவில்லையா, ஐந்து பள்ளமுள்ள தட்டைக் கொடுங்கள். பள்ளம் நிறைந்தால் நிறுத்த வேண்டும் என்று தட்டே சொல்லும். அதுவும் வரவில்லையா, நான்கு பள்ளத்தை நீங்களே நிரப்பிவைத்துக் கடைசி ஒன்றை மட்டும் குழந்தையை வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு மூன்றை நிரப்பிவிட்டு இரண்டை விடுங்கள். அடுத்த நாள் இரண்டை நிரப்பிவிட்டு மூன்றை. ஒருநாள் வெறும் தட்டை நீட்டி "அஞ்சு வை" என்பீர்கள். வைத்து முடித்த பிறகு, முதல் வாரம் எழுதிவைத்த அந்தக் குறிப்பை எடுத்து, "கைக்கு வந்ததை அள்ளித் தருகிறாள்" என்ற வரிக்குப் பக்கத்தில் தேதியைப் போட்டு அடியுங்கள்.